எடை குறையவில்லை என்று நடையை நிறுத்தலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல் எடையைக் குறைப்பதில் உணவுக் கட்டுப்பாட்டுக்கு முதலிடமா, உடற்பயிற்சிக்கு முதலிடமா என்று தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் சில வாரங்களாக நடந்துவரும் வாசகர் விவாதத்தைத் தவறாமல் படித்துவருகிறேன். நாள்தோறும் ஒரு மணி நேரம் நடந்தால் விரும்பியதையெல்லாம் சாப்பிடலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். சாப்பாட்டைக் குறைத்தாலே போதும், வியர்வை சிந்துவதெல்லாம் வீண்வேலை என்று மற்றொருவர் அடுத்த வாரமே மறுத்திருந்தார். 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்பதால், நான் முதலாமவரின் கட்சியைச் சேர்ந்தவன் என்றே பலரும் எண்ணக்கூடும். நீண்ட காலம் அப்படித்தான் இருந்தேன். அந்த நம்பிக்கையால் ஒரு மாணவனுக்கு நான் இழைத்த தீங்கு கடந்த ஆண்டு என் வீட்டு வாசலுக்கே வந்து நின்றதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பில் படித்தபோது வகுப்பிலேயே பருமனான பையன் அவன்தான். மாலை விளையாட்டு நேரம் முடிந்து மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு அவனை மட்டும் நிறுத்தி, மைதானத்தைக் கூடுதலாக நான்கு சுற்று ஓடவைப்பேன். அவன்மேல் எனக்கு வெறுப்பு ஏதும் இல்லை. ஓடினால் இளைத்துவிடுவான் என்று உறுதியாக நம்பினேன். மூன்று மாதம் கழித்து நிறுத்துப் பார்த்தபோது அவன் எடை அரைக் கிலோ கூடியிருந்தது. வளரும் வயதில் உயரத்தோடு எடையும் கூடுவது இயல்பு என்பதைக்கூட எண்ணிப் பார்க்காமல், பையன் மனம்வைத்து ஓடுவதில்லை என்று அவனுடைய தாயாரிடம் சொன்னேன். அதன்பிறகு வயிற்றுவலி என்றும் கால்வலி என்றும் காரணம் சொல்லி அவன் மைதானத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டான். கடந்த ஆண்டு என்னைப் பார்க்க வந்தவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. தமக்கு நீரிழிவு நோய் இருப்பது தெரியவந்ததாகவும், மருத்துவர் சொன்னபடி ஐந்து மாதங்கள் விடாமல் நடந்ததாகவும், எடை ஒரு கிலோகூடக் குறையாததால் நடையை விட்டுவிட்டதாகவும் சொன்னார். அந்த ஐந்து மாதங்களில் இரத்தச் சர்க்கரை எப்படி இருந்தது என்று கேட்டேன். "அது நன்றாகத்தான் இறங்கிவந்தது ஐயா, எடைதான் இறங்கவில்லை" என்றார். உடற்பயிற்சியின் பலனை எடைக்கருவியில் ஏறி நின்றுதான் பார்க்க வேண்டும் என்று அவருக்குப் பதின்மூன்று வயதில் கற்றுக்கொடுத்தவன் நான்.

அவர் ஏமாந்ததற்கான காரணம் எளிய கணக்கில் இருக்கிறது. உடலில் சேர்ந்துள்ள ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி ஆற்றலைத் தன்னுள் வைத்திருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் சுமார் 240 கலோரி செலவாகும். அந்த ஒரு மணி நேரம் அவர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் 70 கலோரி செலவாகியிருக்கும் என்பதால், நடந்ததால் கூடுதலாகக் கழிந்தது 170 கலோரி மட்டுமே. நாள் தவறாமல் நடந்து, உணவிலும் மற்ற வேலைகளிலும் எந்த மாற்றமும் இல்லாமல் இருந்தால் மாதத்துக்கு முக்கால் கிலோவுக்கும் குறைவாகவே கரையும். இனிப்பூட்டிய குளிர்பானம் 330 மில்லிலிட்டர் குடித்தால் சுமார் 140 கலோரி உள்ளே போய்விடுகிறது. அதைக் குடிக்க ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. நடப்பது வீண் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு மணி நேர நடையும் ஐந்து நிமிடக் குளிர்பானமும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும்போது, நடப்பவரிடம் அதைச் சொல்லாமல் மறைப்பது அவருக்குச் செய்யும் அநீதி என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஒரு நாளில் நம் உடல் செலவிடும் ஆற்றலில் 60 முதல் 70 விழுக்காடு வரை இதயம், மூளை, கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகளை இயக்கவும் உடற்சூட்டைக் காக்கவும் போய்விடுகிறது. உண்டதைச் செரிக்க ஏறத்தாழ பத்து விழுக்காடு போகிறது. எஞ்சியதுதான் நடை, வேலை, விளையாட்டு எல்லாவற்றுக்கும். ஆக, உள்ளே வருவது முழுவதும் நம் வாய் வழியாகவே வருகிறது. வெளியே போவதில் பெரும்பகுதி நம்மைக் கேட்டுக்கொண்டு போவதில்லை. எடைக் குறைப்பில் உணவின் கை ஓங்கியிருப்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உடற்பயிற்சியில் நாம் செலவிட்டதை உடல் வேறு வழிகளில் மீட்டுக்கொள்ளப் பார்க்கிறது. மாதவிடாய் நின்ற, உடலுழைப்பு அதிகம் இல்லாத 464 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆறு மாத ஆய்வில், குறைவாகவும் நடுத்தரமாகவும் பயிற்சி செய்தவர்களுக்குக் கணக்குப்படி எவ்வளவு குறைய வேண்டுமோ ஏறத்தாழ அவ்வளவு எடை குறைந்தது; எல்லோரையும்விட அதிகமாகப் பயிற்சி செய்த பிரிவினருக்கோ கணக்கிட்டதில் பாதி அளவே குறைந்தது. கடுமையாக உழைத்த நாளில் பசி கூடுகிறது. உழைத்தோமே என்ற நினைப்பில் கை தாராளமாகிறது. அன்றைய மீதி நேரத்தில் நம்மை அறியாமலே அதிகமாக உட்கார்ந்துவிடுகிறோம். தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்ஸா மக்களின் ஆற்றல் செலவை ஹெர்மன் பான்ட்ஸர் என்ற மானுடவியலாளரின் குழுவினர் அளந்து 2012-இல் வெளியிட்டபோது, நாள் முழுவதும் நடந்து திரியும் அம்மக்கள் தங்கள் உடல் அளவுக்குச் செலவிடும் ஆற்றல், மேலைநாட்டு நகரவாசிகள் செலவிடுவதிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை என்பது தெரியவந்தது. அதிகம் இயங்கும் உடல் வேறு செலவுகளைச் சுருக்கிக்கொள்கிறது என்று அவர் விளக்குகிறார். இந்த விளக்கம் எந்த அளவுக்கு எல்லோருக்கும் பொருந்தும் என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வாதம் உண்டு. ஆனால் முப்பதாண்டுகள் மைதானத்தில் நின்றவன் என்ற முறையில், கூடுதலாக ஓடிய அளவுக்கு எடை கூடுதலாகக் குறைவதில்லை என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கண்டும் காரணம் புரியாமல், ஓடியவர்கள்மேல் பழி போட்டேன்.

உணவுக் கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையும் அருகருகே வைத்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2012-இல் வெளிவந்தது. சியாட்டில் நகரில், எடை மிகுந்த, மாதவிடாய் நின்ற 439 பெண்களை நான்கு பிரிவுகளாகப் பிரித்து ஓராண்டு தொடர்ந்து கவனித்தார்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 45 நிமிடம் பயிற்சி மட்டும் செய்தவர்கள் சராசரியாகத் தங்கள் எடையில் 2.4 விழுக்காடு குறைந்தார்கள். உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் கடைப்பிடித்தவர்கள் 8.5 விழுக்காடு குறைந்தார்கள். இரண்டையும் செய்தவர்களுக்கு 10.8 விழுக்காடு குறைந்தது. இந்த மூன்று எண்களையும் எந்தச் சார்பும் இல்லாமல் படிப்பவருக்கு, தங்கள் பக்கத்தில் எழுதிய இரண்டு வாசகர்களும் பாதிப் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள் என்பது விளங்கிவிடும்.

உணவே பெரும்பங்கு வகிக்கிறது என்று சொன்னதும், அப்படியானால் பருமனாக இருப்பவர்கள் நாக்கைக் கட்டத் தெரியாதவர்கள் என்ற முடிவுக்குப் பலர் தாவிவிடுகிறார்கள். அந்தப் பேச்சை நான் முழுமையாக மறுக்கிறேன். குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், ஆனாலும் எடை குறையவில்லை என்று சொன்ன பத்துப் பேரை நியூயார்க்கில் ஆராய்ந்து 1992-இல் வெளியிட்டார்கள். அவர்கள் உண்டதாகக் குறித்த அளவு உண்மையில் உண்டதைவிட 47 விழுக்காடு குறைவாகவும், செய்ததாகச் சொன்ன உடலுழைப்பு உண்மையில் செய்ததைவிட 51 விழுக்காடு கூடுதலாகவும் இருந்தன. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. சமைக்கும்போது ருசி பார்த்தது, பிள்ளைகள் மிச்சம் வைத்ததை வீணாக்க மனமில்லாமல் எடுத்துச் சாப்பிட்டது, பேசிக்கொண்டே கொறித்தது ஆகியவற்றையெல்லாம் மனிதர் எவரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஒரு வாரம் வாயில் போடுவதை எல்லாம் அந்தந்த நேரத்திலேயே குறித்துவைத்தால் இந்த இடைவெளி நமக்கே தெரிந்துவிடும். யாரையும் குற்றம் சொல்லத் தேவையில்லாத, செலவும் இல்லாத வழி அது.

எவ்வளவு உண்கிறோம் என்பதை உணவின் தன்மையும் முடிவு செய்கிறது. கெவின் ஹால் தலைமையில் அமெரிக்கத் தேசிய நல்வாழ்வுக் கழகங்களில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவை இரண்டு வாரமும் பெரிதும் பதப்படுத்தப்படாத உணவை இரண்டு வாரமும் கொடுத்தார்கள். இரண்டிலும் பரிமாறப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்று விட்டுவிட்டார்கள். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் அதே மனிதர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, ஒரு கிலோவுக்குச் சற்றே குறைவாக எடை கூடினார்கள். மற்ற வாரங்களில் ஏறத்தாழ அதே அளவு குறைந்தார்கள். இரண்டு வார இடைவெளியில் எவருடைய மன உறுதியும் மாறிவிடாது. மாறியது தட்டில் இருந்த பண்டம்தான். ஆகவே, எடையைக் குறைக்க விரும்புகிறவர் பசியோடு மல்லுக்கட்டுவதைவிட, இனிப்புப் பானங்களையும் பொட்டல நொறுக்குத்தீனிகளையும் வீட்டுக்குள் வாங்கி வைக்காமல் இருப்பதும், தட்டில் காய்கறிக்கும் புரதத்துக்கும் இடத்தைக் கூட்டுவதும், மென்று நிதானமாகச் சாப்பிடுவதும் அதிகப் பயன் தரும். மாவுச்சத்தைக் குறைப்பதா கொழுப்பைக் குறைப்பதா என்ற சண்டையை நான் நீட்ட விரும்பவில்லை. ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை ஓராண்டு கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. எதை ஒருவரால் ஆண்டுக்கணக்கில் கடைப்பிடிக்க முடியுமோ அதுவே அவருக்கு உகந்தது.

பட்டினி கிடப்பதோ வேறு விவகாரம். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிவியலாளர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்று உணவு கொடுத்துப் பார்த்தார். அவர்கள் எடையில் நான்கில் ஒரு பங்கை இழந்தார்கள். கூடவே சுறுசுறுப்பையும் சிரிப்பையும் இழந்தார்கள், குளிர் தாங்கவில்லை, இரவும் பகலும் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், ஓய்வுநிலையில் உடல் செலவிடும் ஆற்றலும் வெகுவாகச் சுருங்கிவிட்டது. கட்டுப்பாடு நீங்கியதும் தணியாத பசியோடு உண்டார்கள். கடும் பட்டினியால் இளைத்தவர்கள் சில மாதங்களில் மீண்டும் பருத்துவிடுவதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். பஞ்சம் வந்துவிட்டது என்று நம்பும் உடல் தன்னைக் காத்துக்கொள்ளப் போராடுகிறது என்பதே அதில் நாம் பார்க்க வேண்டியது.

உடற்பயிற்சிக்கு உரிய இடம் இங்கேதான் தொடங்குகிறது. எடையைக் குறைப்பது ஒரு வேலை. குறைத்த எடை திரும்ப ஏறாமல் காப்பது வேறொரு வேலை. முதல் வேலையில் பின்வரிசையில் நின்ற உடற்பயிற்சி, இரண்டாவது வேலையில் முன்வரிசைக்கு வந்துவிடுகிறது. 13.6 கிலோவுக்குக் குறையாமல் எடை குறைத்து, ஓராண்டுக்கு மேலாக அதைக் காத்துவருபவர்களின் பழக்கங்களைப் பதிவு செய்வதற்காக 1994-இல் அமெரிக்காவில் ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது. அதில் சேர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறவர்கள். பெரும்பாலோருக்கு அது நடைதான். தொலைக்காட்சியில் நடந்த ஓர் எடைக்குறைப்புப் போட்டியில் மளமளவென்று இளைத்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் இழந்த எடையில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். ஓய்வில் இருக்கும்போது அவர்கள் உடல் செலவிடும் ஆற்றல், அவர்களுடைய உடல் அளவுக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைந்தே இருந்தது. அவர்களுள் எடையைக் காத்துக்கொண்ட சிலரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது, அன்றாட வாழ்வில் அவர்கள் கூட்டிக்கொண்ட உடலசைவுதான்.

இன்னொன்றும் உண்டு. உணவைக் குறைத்து மட்டுமே இளைப்பவர்களுக்குக் கொழுப்போடு தசையும் கரைகிறது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்து, போதிய புரதமும் உண்டால் அந்த இழப்பைப் பெரிதும் தடுக்கலாம். தசையைக் கூட்டினால் தூங்கும்போதும் கொழுப்பு எரியும் என்று சில பயிற்சிக்கூடங்கள் விளம்பரம் செய்கின்றன. ஒரு கிலோ தசை ஓய்வில் நாளுக்குச் செலவிடுவது ஏறத்தாழ 13 கலோரிதான். தசையைக் காக்கச் சொல்வதற்கான காரணம் முதுமையில் தெரியவரும். எழுபது வயதில் தரையிலிருந்து கையூன்றாமல் எழுந்திருக்க உதவுவது அதுவே.

எடையே குறையாவிட்டாலும் உடற்பயிற்சி வீணாவதில்லை என்பதற்கு மருத்துவ வரலாற்றில் பழைய சான்று உண்டு. ஜெரமி மோரிஸும் அவருடைய குழுவினரும் 1953-இல் இலண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். நாள் முழுவதும் இருக்கையில் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, இரண்டடுக்குப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு இதயத் தமனி நோய் குறைவாக வந்தது. நடப்பவரின் தசைகள், இரத்தச் சர்க்கரையை இறக்கும் இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கின்றன. இரத்த அழுத்தம் இறங்குகிறது. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பு, மொத்த எடை மாறாதபோதும் குறையக்கூடும். தூக்கமும் மனநிலையும் சீராகின்றன. இவற்றில் எதையும் எடைக்கருவி காட்டாது. என் மாணவரின் இரத்தச் சர்க்கரை இறங்கியதன் பொருள் இதுதான். நீரிழிவின் விளிம்பில் இருந்த 3,234 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2002-இல் வெளியான பெரிய ஆய்வில், உணவைச் சீர்செய்து, வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி செய்து, எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதை இலக்காகக் கொண்டவர்களிடம் நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை உட்கொண்டவர்களிடம் 31 விழுக்காடு. உலக நலவாழ்வு அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கத்தைப் பரிந்துரைக்கிறது. ஏற்கெனவே இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர்கள் உணவையும் பயிற்சியையும் மாற்றும்போது மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்பதால், மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

என் மாணவர் இப்போது காலையில் மீண்டும் நடக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் நானும் அவரோடு நடக்கிறேன். சாப்பாட்டு மாற்றங்களுக்குத் தனியாக ஓர் உணவியல் வல்லுநரைப் பார்த்துவருகிறார். அவருடைய எடையை நான் கேட்பதில்லை.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள்கள் மூன்று. முப்பது நாளில் பத்துக் கிலோ என்பது போன்ற தலைப்புகளைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். பத்துக் கிலோ கொழுப்பு என்பது 77,000 கலோரி. முப்பது நாளில் அதைக் கரைக்க நாளுக்கு 2,500 கலோரிக்கு மேல் பற்றாக்குறை வேண்டும். பலர் ஒரு நாளில் செலவிடும் மொத்த ஆற்றலே அவ்வளவு இராது. முதல் வாரத்தில் வேகமாக இறங்கும் எடையில் பெரும்பகுதி தண்ணீர். உடல் கிளைக்கோஜன் என்ற வடிவில் மாவுச்சத்தைச் சேமித்துவைக்கிறது; அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருப்பதால், சேமிப்பு கரையும்போது தண்ணீரும் சேர்ந்து வெளியேறிவிடுகிறது. அது நின்றதும், தலைப்பை நம்பித் தொடங்கியவர் தம்மையே நொந்துகொள்கிறார். அடுத்ததாக, இளைத்தவர்களின் வெற்றிக் கதைகளில் எடையோடு இடுப்புச் சுற்றளவையும் இரத்த அழுத்தத்தையும் இரத்தச் சர்க்கரையையும், மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா என்பதையும் கேட்டு எழுதுங்கள். எடை குறையாமல் இவை மட்டும் சீரானவர்களின் கதைகளுக்கும் அதே பக்கத்தில் இடம் கொடுங்கள். மூன்றாவதாக, முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு இன்று நீங்கள் வெளியிடும் அதே நபரை ஈராண்டு கழித்து மீண்டும் சந்தித்து, அப்போது அவர் என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு நடக்கிறார், எடை ஏறியிருந்தால் எப்படி ஏறியது என்பதையும் அவருடைய மதிப்புக் குறையாத வகையில் எழுதுங்கள். அந்த இரண்டாவது செய்தியைத்தான் நான் கத்தரித்து என் பழைய மாணவர்களுக்கு அனுப்புவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்